கேட்கக் கூடாத மூணாவது கேள்வி

போன வாரம் நான் எழுதின லேப் வைவா புலம்பலைப் படிச்சிட்டு, 'உன் சோகமெல்லாம் ஒரு சோகமா தம்பி'னு அரியர் கணக்கோட ஆறுதல் சொன்ன அத்தனை சொந்தங்களுக்கும் ஒரு சல்யூட்! இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். ஆனா நடுவுல ஒரு நாய் வருது. அதனால தைரியமா படிங்க.

எங்க பெரியம்மா குடும்பம் நியூ ஜெர்சியில இருக்கு. பெரியம்மா பொண்ணு, அதாவது என் தங்கச்சிக்கு இப்போ 16 வயசு. 'எழுதிக்கோ, ஆனா பேர் போடக் கூடாது'ங்கிறது அவள் போட்ட கண்டிஷன். 2022 டிசம்பர்ல ஸ்கூல் தோழியோட வீட்டு கார்ல, பின் சீட்டுல உட்கார்ந்து போயிட்டிருந்தப்போ ஹைவேயில் விபத்து. தங்கச்சிக்கு இடது கையில எலும்பு முறிவு. பக்கத்துல உட்கார்ந்திருந்த தோழி பிழைக்கலை.

கை ஆறு வாரத்துல கூடிடுச்சு. மற்றது எதுவும் கூடலை. கார்ல ஏற மாட்டாள். தெருவில் எங்கேயாவது பிரேக் சத்தம் கேட்டா, இருந்த இடத்துலயே கல்லா நின்னுடுவாள். ராத்திரி அலறல். கிளாஸ்ல முதுகுக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாதுனு கடைசி பெஞ்ச்சுக்குப் போனாள். அப்புறம் கிளாஸுக்கே போகலை. டாக்டர்கள் சொன்ன பேர், பி.டி.எஸ்.டி. ஆபத்து முடிஞ்சு போன பிறகும் உடம்பும் மனசும் அந்த நிமிஷத்துலயே மாட்டிக்கிட்டு நிற்கிற நிலைமை. போருக்குப் போய் வந்த சிப்பாய்கள்கிட்ட ரொம்ப காலமா பார்த்த விஷயம்தான். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டுல இந்தப் பேரோட ஏறினது 1980-ல.

நான் வாங்கின பாவம்

2023 கோடை விடுமுறைக்கு அவங்க மதுரைக்கு வந்தாங்க. அம்மாச்சி வீட்டுல சொந்தக்காரங்க கூட்டம். வர்ற ஆளெல்லாம் வாசல்ல செருப்பைக் கழட்டுறதுக்குள்ள ஆரம்பிச்சுடுவாங்க. "என்னம்மா ஆச்சு? வண்டி எப்படி இடிச்சுது? அந்தப் புள்ள அந்த இடத்துலயேவா...?" கேட்ட எல்லாருமே நல்லவங்கதான். கண்ணுல தண்ணியோடதான் கேட்டாங்க.

ஒருநாள் சாயங்காலம் மொட்டை மாடியில அவள் தனியா உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்துல போய் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் சும்மா இருந்தோம், நல்லாத்தான் போச்சு. அதோட விட்டிருக்கலாம். பெரிய மனுஷன் மாதிரி வாயைத் திறந்தேன். "சரி, என்கிட்ட மட்டும் சொல்லு. அன்னைக்கு உண்மையில என்னதான் ஆச்சு?"

அவள் பதில் சொல்லலை. மூச்சு மட்டும் வேகமாச்சு. கை நடுங்குது. கண்ணு என்னைப் பார்க்குது, ஆனா நான் அங்கே இல்லை. பெரியம்மா ஓடி வந்து கீழே கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாள் ரூமை விட்டு வெளியே வரலை. என்னை யாரும் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

நாய்க்கு இம்புட்டுக் காசா?

ஊருக்குத் திரும்பினதும் அவளுக்கு வாரா வாரம் சிகிச்சை நடந்துச்சு. அதிர்ச்சிக்குள்ளான பசங்களுக்குன்னே இருக்கிற பேச்சு சிகிச்சை. மெதுவா முன்னேற்றம் தெரிஞ்சுது. ஆனா வீட்டு வாசப்படியைத் தாண்டுறதுதான் பெரிய மலை. அப்போதான் அந்த சிகிச்சையாளர், "இதோட சேர்த்து ஒரு சர்வீஸ் டாக் முயற்சி பண்ணலாமா?"னு கேட்டாங்க.

பெரியம்மா போன்ல சொன்னதும் அம்மாச்சி கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவுடி?" ஒரு சர்வீஸ் நாயை வளர்த்துப் பழக்குற செலவு 15,000 டாலர்ல ஆரம்பிச்சு 30,000 டாலரையும் தாண்டும். மருத்துவ இன்ஷூரன்ஸ் பொதுவா இதுக்குப் பைசா தராது. அம்மாச்சி மனசுக்குள்ளயே ரூபாய்க்கு மாத்திப் பார்த்துட்டு, "ஏன்டி, அந்தக் காசுக்கு வாடிவாசல்ல விடுற மாடு நாலு பிடிச்சுரலாமேடி!"ன்னாங்க.

காசு மட்டும் பிரச்னை இல்லை. பி.டி.எஸ்.டி-க்கு நாய் தர்ற அமைப்புகள்ல பல, முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும்தான் தருது. வேற சில இடங்கள்ல 18 வயசு ஆகியிருக்கணும். டீன் ஏஜ் பசங்களை ஏத்துக்கிற இடங்கள்ல காத்திருப்புப் பட்டியல் வருஷக்கணக்குல நீளும். டாக்டர் கடிதம், இன்டர்வியூ, வீட்டைப் பார்த்துட்டுப் போறதுன்னு கேம்பஸ் ப்ளேஸ்மென்ட்டை விட ரவுண்டு அதிகம்!

நடுவுல பெரியப்பா ஒரு பல்பு வாங்கப் பார்த்தார். 'உங்கள் நாயைப் பதிவு செய்யுங்கள், சர்டிஃபிகேட், ஐ.டி. கார்டு, சட்டை எல்லாம் உடனே'ன்னு இன்டர்நெட்ல ஒரு விளம்பரம். கார்டு நம்பரைத் தட்டப் போனவரை சிகிச்சையாளர்தான் தடுத்தாங்க. அமெரிக்க சட்டப்படி சர்வீஸ் நாய்க்குப் பதிவும் கட்டாயம் இல்லை, சர்டிஃபிகேட்டும் கட்டாயம் இல்லை. அந்தக் காகிதத்துக்கு எந்த மதிப்பும் கிடையாது. மதிப்பு, நாய் கத்துக்கிட்டிருக்கிற வேலைக்குத்தான்.

கடைசியில ஒரு தொண்டு அமைப்பு பாதிச் செலவை ஏத்துக்கிச்சு. மிச்சத்துக்கு, புதுக் கார் வாங்குற திட்டத்தை பெரியப்பா தள்ளி வெச்சார். கார்ல ஏறவே மாட்டேங்கிற பொண்ணு இருக்கிற வீட்டுல புதுக் கார் எதுக்கு?

வாட்ச்டாக் டைமர்

2025-ல வீட்டுக்கு வந்தான் ஹீரோ. மஞ்சள் லாப்ரடார், வயசு ரெண்டு. பேரு பிஸ்கட். (நம்ம ஊர்ல பிஸ்கட் போட்டு ஆளைக் கவுக்குறது வழக்கம். அங்கே பிஸ்கட்டே வந்து கவுத்துடுச்சு!) குட்டியா இருந்தப்போ ஒரு தன்னார்வலர் குடும்பம் அவனை வளர்த்து, பஸ், கடை, கூட்டம்னு பழக்கியிருக்காங்க. அப்புறம் பயிற்சியாளர்கிட்ட மாசக்கணக்குல படிப்பு. இந்தப் படிப்புல தேறாம வெளியே போற நாய்கள் ஏகப்பட்டது. அவங்களுக்கு அவமானம் எதுவும் இல்லை, சந்தோஷமா வீட்டு நாயா மாறிடுவாங்க. நமக்கும் அப்படி ஒரு ஆப்ஷன் இருந்தா எப்படி இருக்கும்!

பிஸ்கட் என்ன வேலை பார்க்கிறான்? ராத்திரி கெட்ட கனவுல அவள் புரண்டு முனகினா, மூக்கால இடிச்சு எழுப்புவான். மூச்சு வேகமாகி உடம்பு நடுங்கினா, மடியில ஏறி முழு எடையையும் சாய்ச்சுப் படுத்துக்குவான். அந்த அழுத்தம் உடம்பை நிதானத்துக்குக் கொண்டு வரும். க்யூவில் நிற்கும்போது அவளுக்குப் பின்னாடி குறுக்க நின்னுக்குவான், யாரும் முதுகுல ஒட்டிக்கிட்டு நிற்க முடியாது. 'வெளியே'ன்னு சொன்னா கூட்டத்துல இருந்து வாசல் கதவுக்குக் கூட்டிட்டுப் போவான்.

எனக்கு மைக்ரோகன்ட்ரோலர் பேப்பர் ஞாபகம் வந்துச்சு. ப்ரோக்ராம் எங்கேயாவது லூப்புல மாட்டிக்கிட்டு வெளியே வர முடியாம சுத்தினா, அதைக் கவனிச்சு ரீசெட் பண்ண ஒரு சின்ன டைமர் இருக்கும். அதுக்குப் பேரே 'வாட்ச்டாக்'தான். ரெண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் பண்ணி எழுதிட்டு மறந்தே போயிட்டேன். இப்போ செத்தாலும் மறக்காது. என்ன, அந்த டைமர் ப்ரோக்ராமை முதல்ல இருந்து ஓட வைக்கும். பிஸ்கட் அவளை இந்த நிமிஷத்துக்குக் கூட்டிட்டு வர்றான், அவ்வளவுதான்.

ஒரு மனுஷன் பதற்றத்துல இருக்கிறது நாய்க்கு எப்படித் தெரியும்? மூச்சு, கால் ஆட்டுறது, முகம்னு பல தடயம் இருக்கு. வாசனையும் உண்டு. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்துல 2022-ல வெளியிட்ட ஒரு ஆய்வுல, 36 பேரை வேக வேகமா மனக்கணக்கு போடச் சொல்லி டென்ஷனாக்கினாங்க. கணக்குக்கு முன்னாடியும் பின்னாடியும் அவங்களோட வியர்வை, மூச்சு மாதிரிகளை எடுத்தாங்க. எது டென்ஷன் வாசனைன்னு நாலு நாய்கள் 93.75 சதவீதம் சரியா கண்டுபிடிச்சுது. கணக்குன்னா வியர்க்கும்னு நம்ம எம்-1 ஹால்ல எந்த நாயும் இல்லாமலேயே நிரூபிச்சிருப்போமே!

அதே சமயம் ஒரு உண்மையையும் சொல்லணும். நாய் மருந்து இல்லை. 2024-ல ஒரு பெரிய மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல, 156 பேரை மூணு மாசம் கவனிச்சாங்க. சர்வீஸ் நாய் கிடைச்சவங்களுக்கு, காத்திருப்புப் பட்டியல்ல இருந்தவங்களை விட பி.டி.எஸ்.டி. அறிகுறிகள் குறைஞ்சிருந்தது. ஆனா அவங்க எல்லாரும் படைவீரர்கள், முன்னாள் படைவீரர்கள். வழக்கமான சிகிச்சையையும் விடலை. அதை அப்படியே ஒரு டீன் ஏஜ் பொண்ணுக்குப் பொருத்த முடியாது. தங்கச்சியும் இன்னிக்கு வரைக்கும் வாரா வாரம் சிகிச்சைக்குப் போறாள்.

நாய் வந்ததால வந்த தலைவலியும் உண்டு. பனி கொட்டுற காலையில ஆறு மணிக்கு அவனை வெளியே கூட்டிட்டுப் போகணும். அது தங்கச்சி வேலை, வேற யாரும் செய்யக் கூடாதுன்னு ரூல். நாய்க்காகத்தான் அவள் முதல்முறையா வாசப்படியைத் தாண்டினாள். அப்போ ஆறு மாச விசாவுல அங்கே போயிருந்த அம்மாச்சியோ, யாரும் பார்க்காத நேரத்துல பிஸ்கட்டுக்குத் தயிர்சாதம் ஊட்டி மாட்டிக்கிட்டாங்க. "சட்டை போட்டிருந்தா அவன் டியூட்டில இருக்கான் அம்மாச்சி, கொஞ்சக் கூடாது, சாப்பாடு குடுக்கக் கூடாது"ன்னு தங்கச்சி கிளாஸ் எடுத்திருக்கா. "டியூட்டில இருக்கிற போலீஸ்காரனே டீ குடிக்கிறான்டி"ன்னாங்களாம் அம்மாச்சி.

ரெண்டே ரெண்டு கேள்வி

இப்போ மெயின் மேட்டருக்கு வர்றேன்.

நாயோட கடைக்குப் போனா கடைக்காரர் தடுப்பார்தானே? அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் 1990-ல வந்தது. 2011 மார்ச்ல அமலுக்கு வந்த திருத்தின விதிகள், மனநலப் பாதிப்புக்குப் பழக்கின நாயையும் சர்வீஸ் நாய்னு வெளிப்படையா சேர்த்துச்சு. 1928-ல அமெரிக்காவுக்கு வந்த 'படி'ங்கிற வழிகாட்டி நாய் ஒரு பார்வையற்ற இளைஞரை நியூயார்க் தெருவைக் கடக்க வெச்சதுல ஆரம்பிச்ச கதை, கண்ணுக்குத் தெரியாத காயம் வரைக்கும் வர இத்தனை வருஷம் ஆச்சு.

இங்கே ஒரு சின்ன விளக்கம். ஆறுதலுக்காக ஊரே கொஞ்சுற நாய் வேற, சர்வீஸ் நாய் வேற. ஃப்ளோரிடாவில் பார்க்லாண்ட் பள்ளியில 2018 பிப்ரவரி 14-ல நடந்த துப்பாக்கிச் சூட்டுல 17 பேர் செத்துப் போனாங்க. அதுக்கப்புறம் அந்தப் பள்ளிக்கு வந்த தெரபி நாய்கள் மாணவர்களுக்கு எவ்வளவு நெருக்கமாச்சுன்னா, 2019-ல பள்ளி ஆண்டு மலர்ல அதுங்க போட்டோவையும் போட்டாங்க. ஆனா தெரபி நாய் எல்லா இடத்துக்கும் நுழையச் சட்டம் உரிமை தரலை. ஒரு குறிப்பிட்ட ஆளோட பாதிப்புக்குன்னு, குறிப்பிட்ட வேலைக்குப் பழகின சர்வீஸ் நாய்க்குத்தான் அந்த உரிமை.

அப்படி ஒரு நாயோட நீங்க உள்ளே வந்தா, அது எதுக்குன்னு பார்த்ததும் புரியலைன்னா, கடைக்காரர் ரெண்டே ரெண்டு கேள்வி கேட்கலாம். ஒண்ணு: உங்களுக்கு இருக்கிற குறைபாட்டுக்காக இந்த நாய் தேவைப்படுதா? ரெண்டு: இது என்ன வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கு? அவ்வளவுதான். உங்களுக்கு என்ன பிரச்னை, என்ன ஆச்சு, எப்படி ஆச்சு, இதெல்லாம் கேட்கச் சட்டத்துல இடம் இல்லை.

பிஸ்கட் வந்த ரெண்டாவது மாசம், நம்ம ஊர் சாமான் விக்கிற ஒரு கடைக்கு மூணு பேரும் போயிருக்காங்க. கல்லாவில் இருந்தவர் நம்ம பக்கத்து ஆள்தான். "நாயெல்லாம் உள்ளே கூடாதும்மா"ன்னார். பெரியம்மா விளக்கினாங்க. அவர் தங்கச்சியை மேலயும் கீழேயும் பார்த்துட்டு, "பாப்பாவுக்குக் கண்ணு நல்லாத்தானே தெரியுது? என்னம்மா ஆச்சு உனக்கு?"ன்னுட்டார்.

மொட்டை மாடியில நான் கேட்ட அதே கேள்வி.

பெரியம்மா பதில் சொல்ல வாயைத் திறக்குறதுக்குள்ள, ரெண்டரை வருஷமா வெளியாள்கிட்ட முழுசா ஒரு வாக்கியம் பேசாத பொண்ணு பேசினாளாம். "அங்கிள், அது நீங்க கேட்கக் கூடாது. என்ன வேலை செய்வான்னு கேட்கலாம். எனக்கு மூச்சு முட்டினா மேல சாய்ஞ்சுக்குவான். கூட்டமா இருந்தா கதவுக்குக் கூட்டிட்டுப் போவான்."

அவர் ஒரு நிமிஷம் நின்னுட்டு, "சாரிம்மா"ன்னு வழி விட்டார். பெரியம்மா போன்ல இதைச் சொல்லும்போது அழுதுட்டாங்க. வாங்கப் போன பெருங்காயத்தை மறந்துட்டு வந்ததையும் சேர்த்துச் சொன்னாங்க.

இதைக் கேட்டதுல இருந்து எனக்கு ஒரே யோசனை. நாம அக்கறைன்னு நினைச்சுக்கிட்டு கேட்கிற 'என்ன ஆச்சு?', கேட்கிறவனோட ஆர்வத்துக்குத்தான் தீனி. பதில் சொல்லணும்னா அவங்க திரும்ப அந்த கார்ல ஏறணும். 'நான் என்ன செய்யட்டும்?'ங்கிறதுக்குப் பதில் சொல்ல அவங்க எங்கேயும் போக வேண்டாம். பிஸ்கட் இத்தனை நாள்ல அவள்கிட்ட ஒரு தடவைகூட என்ன ஆச்சுன்னு கேட்கலை. அவன் வேலையை அவன் பார்க்கிறான்.

உங்க ஹாஸ்டல்லயும் ராத்திரி அலறி எழுந்திருக்கிற ஒருத்தன் இருப்பான். அவனுக்கு நீங்க ஒரு பட்டப்பேர்கூட வெச்சிருப்பீங்க. கும்பல்ல வரவே மாட்டேங்கிற ஒருத்தி இருப்பா. அவங்க தானா சொன்னா காது குடுத்துக் கேளுங்க. சொல்லலைன்னா தோண்டாதீங்க. "தண்ணி வேணுமா? வெளியே ஒரு ரவுண்டு போலாமா? லைட்டைப் போட்டே வைக்கட்டுமா?" இது போதும் மச்சி. நம்மால தாங்க முடியாத அளவுன்னு தோணினா, 14416-க்கு போன் பண்ணச் சொல்லுங்க, இல்லை பக்கத்துல உட்கார்ந்து நீங்களே டயல் பண்ணிக் குடுங்க. அரசாங்கத்தோட டெலி மானஸ் மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயும் பேசலாம்.

இந்தக் கட்டுரைக்கு பர்மிஷன் வாங்க போன வாரம் தங்கச்சிக்கு வீடியோ கால் போட்டேன். இப்போ அவள் கார்ல 20 நிமிஷம் வரைக்கும் போறாள், பின் சீட்டுல, பிஸ்கட் காலடியில படுத்திருந்தா மட்டும். அதுக்கு மேல இன்னும் முடியலை. வாரத்துல நாலு நாள் ஸ்கூலுக்குப் போறாள்.

"அன்னைக்கு மாடியில உன்கிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. சாரி"ன்னேன்.

"பரவால்ல அண்ணா. இது கேள்வி இல்லை, அதனால கவுன்ட் ஆகாது. உனக்கும் ரெண்டு கேள்விதான் அலவ்டு, கேளு."

"பிஸ்கட் என்ன பண்றான்?"

கேமராவைத் திருப்பிக் காட்டினாள். கட்டில் ஓரத்துல நாலு காலையும் நீட்டிக்கிட்டு குறட்டை. "டியூட்டி முடிஞ்சு தூங்குறான்."

"நீ?"

"நானும்தான். இப்பெல்லாம் ராத்திரி தூங்குறேன்."

ரெண்டு கேள்வி முடிஞ்சுது. போனை வெச்சுட்டேன். அடுத்த வாரம் பார்ப்போம் மக்களே!